தண்ணீர் விட்ட கல்

முன்னொரு காலத்தில் கல்மேட்டு நாட்டை மருதவன் என்றொரு ராஜா ஆண்டான். எழுந்ததும் மனதில் பட்டதை அன்றைக்கே செய்து பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. அந்த வருஷம் மழை பொய்த்து, ஊருக்கென்று மிஞ்சியது ஏரியின் அடியில் கிடந்த தண்ணீர்தான். பார்த்துப் பார்த்து ராஜாவுக்கு அப்போதுதான் நீந்த ஆசை வந்தது.

"ஏரி மதகைத் திறந்து நம் அரண்மனைக் குளத்தை நிரப்புங்கள்" என்றான் சபையில்.

மந்திரி செவ்வந்தியப்பர் பதறி எழுந்தார். "அரசே, ஜனங்களுக்குக் குடிக்க அதை விட்டால் வேறு கிடையாது."

"கிணறு வெட்டிக்கொள்ளட்டும்."

"இங்கே எங்கே வெட்டினாலும் பாறைதானே, அரசே."

கட்டட அதிகாரி கொண்டையராயருக்கு மந்திரி நாற்காலிமேல் நெடுநாளாக ஒரு கண். "மந்திரியார் மகா புத்திசாலி. கல்லிலிருந்தே தண்ணீர் எடுத்துக் காட்டட்டுமே" என்றார்.

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "விளக்கு வைப்பதற்குள் சபையில் கல் கசிய வேண்டும். கசிந்தால் மதகைத் தொடமாட்டேன். இல்லையென்றால் மதகும் திறக்கும், உம் பதவியும் ராயருக்குப் போகும்."

"எந்தக் கல்?" என்றார் மந்திரி.

ராயர் முந்திக்கொண்டார். "செம்புறாங்கல் ஆகாது, அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மணற்கல்லும் அப்படித்தான். மற்றபடி கருங்கல்லோ மாக்கல்லோ, உங்கள் வீட்டு அடுப்படியில் கிடக்கும் கல்லோ, எதுவானாலும் சரி. நனைத்து மட்டும் கொண்டுவரக் கூடாது."

சபை சிரித்தது. மந்திரி சிரிக்கவில்லை. காலையில் அவர் மனைவி உலகம்மை சமையலறையில் முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பினார். சற்று நேரத்தில் வெள்ளித் தட்டில் ஒரு பெரிய உப்புக்கட்டி வந்தது.

"இது உப்பு, கல்லல்ல" என்றார் ராயர்.

"ராயரே, ரசத்தில் உப்பு குறைந்தால் வீட்டில் என்ன சொல்வீர்கள்?"

"இன்னும் இரண்டு கல் போடு என்பேன்..." என்று தொடங்கிய ராயர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கல்தான்" என்று ராஜா தீர்ப்புச் சொன்னான்.

வாதத்தில் வென்றாகிவிட்டது. ஆனால் காலையில் கசிகிறதென்று உலகம்மை அலுத்துக்கொண்ட உப்பு, இப்போது தட்டில் உலர்ந்துதான் கிடந்தது. வெயில் ஏறியது. காலையில் காற்றில் இருந்த ஈரம் போய் அனல் வீசியது. வெளியே பெண்கள் குடத்தோடு வந்து கூடினார்கள். மதகுக்காரன் வாசலில் உத்தரவுக்குக் காத்திருந்தான். மந்திரி தட்டைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார். பதவி போனால் போகட்டும், அந்தக் குடங்களுக்கு என்ன பதில் சொல்வது?

பொழுது சாய்ந்தது. பணியாள் திரியைத் திரிக்கத் தொடங்கினான்.

"எண்ணெய் ஊற்றப்பா" என்று ராயர் அவசரப்படுத்தினார்.

அப்போது கிழக்கு ஜன்னல் திரை அசைந்தது. காற்று புழுக்கமாக, கனமாக உள்ளே வந்தது. உப்புக்கட்டி மெல்லப் பளபளத்தது. அதன் அடியில் ஈரம் பரவிச் சேர்ந்து, தட்டின் ஓரத்துக்கு ஒரு சொட்டு உருண்டது.

ராஜா விரலால் தொட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "கரிக்கிறதே, இதை யார் குடிப்பது?"

"பூமியில் இருக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இப்படித்தான் கரிக்கிறது, அரசே. அத்தனையும் கடல். குடிக்க ஆகிறது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் நமக்கு வாய்த்ததில்தான் நீங்கள் நீந்தக் கேட்டீர்கள்."

ராஜா விரலைத் துடைத்துக்கொண்டான். பிறகு மதகுச் சாவியை மந்திரியின் கையில் வைத்தான். "மழை வரும்வரை ராயருக்கு உப்பில்லாச் சாப்பாடு" என்றான். அன்று நாட்டில் மழைக்காக ராயரைப்போல் உருகி வேண்டியவர் எவருமில்லை.

மந்திரி வீடு திரும்பி நடந்ததைச் சொன்னார். உலகம்மை கேட்டாள், "அந்தக் காத்து வராமப் போயிருந்தா?"

"அதைக் கேட்காதே."

அவள் உப்புச் சட்டியைச் சாய்த்துக் காட்டினாள். "நல்லா இருக்கு போங்க. உங்க கல்லு பூரா தண்ணியாப் போச்சு. நாளைக்குக் குழம்புக்கு என்ன செய்ய?"

ஓட்டின்மேல் முதல் தூறல் விழும் சத்தம் கேட்டது. மந்திரி அன்றைக்கு அப்போதுதான் சிரித்தார்.