சுக்கினிப் பூவுக்கு வரன் பார்த்த கதை

ஓட்டைக்குளத்தில் சடையாண்டி, வேலப்பன், குப்பமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று என்பார்கள். அதுவே கொஞ்சம் தாராளமான கணக்கு.

சடையாண்டியின் மச்சினன் கருத்தப்பாண்டி கொடைக்கானல் தோட்டத்தில் வேலை செய்பவன். தன் வீட்டில் ஊன்றியது போக மிச்சமிருந்த சுக்கினி விதையை அக்காள் செங்கமலத்தின் கொல்லையிலும் ஊன்றினான்.

"வெள்ளரிக்காய் மாதிரி காய்க்கும், கூட்டு வச்சா அமிர்தம். காலையில ஆண் பூவைப் பறிச்சுப் பெண் பூவோட சேர்த்து வைக்கணும், மாமா. இல்லேன்னா காய் பிடிக்காது."

செடி பூத்துக் குலுங்கியது. காயைத்தான் காணோம்.

"ஏன் இன்னும் சேர்த்து வைக்கல?" என்றாள் செங்கமலம்.

"ஒரே செடியில பொறந்த அண்ணன் தங்கச்சிடி!" என்று பதறினான் சடையாண்டி.

"ஊரு காறித் துப்பும், மதினி" என்றான் வேலப்பன்.

செங்கமலம் பையைத் தூக்கினாள். "காய் பிடிச்சா சொல்லி அனுப்புங்க. எங்கம்மா வீட்ல இருக்கேன்."

சடையாண்டிக்கு அழுகை வந்துவிட்டது. அவள் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஆக்கவும் தெரியாது.

குப்பமுத்துதான் வழி சொன்னான். "மதினி பொறந்த வீட்லயும் இதே செடி இருக்குல்ல? அங்க பூத்தவன் நம்ம பொண்ணுக்கு முறைப்பையன்."

விடியற்காலையில் வெற்றிலைத் தட்டோடு போய் நின்றார்கள். செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டு ஓர் ஆண் பூவைப் பறித்துத் தட்டில் போட்டாள். குடை பிடித்து, மேளம் கொட்டி மாப்பிள்ளையை அழைத்து வந்தார்கள். வெயிலில் பூ தலை கவிழ்ந்தது.

"கூச்சப்படுறாரு" என்று மெச்சினான் வேலப்பன்.

மஞ்சள் கயிறு கட்டிப் பூவோடு பூவைச் சேர்த்தார்கள். அவர்கள் நல்ல நேரம், காய் பிடித்துவிட்டது.

சேதி கேட்டு வீடு திரும்பிய செங்கமலம், பாசிப்பருப்பை ஊறப்போட்டுவிட்டுக் கத்தியோடு வந்தாள். மூவரும் குறுக்கே விழுந்தார்கள்.

"முழுகாம இருக்கிற பொண்ணு மேல கத்தியா?"

செடிக்கு வளையல் போட்டார்கள். காய் தலையணை அளவுக்கு வளர்ந்தது. காம்பு தானாக விட்டதும் தொட்டிலில் போட்டுத் தாலாட்டினார்கள். செங்கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு தம்பிக்கு ஆள் அனுப்பினாள்.

வந்த கருத்தப்பாண்டி நிலைமையைப் புரிந்துகொண்டான். "தாய்மாமன் மடியில வச்சு மொட்டை அடிச்சாச்சா?"

"அடடா, மறந்தே போச்சே, மாப்ள!"

பிள்ளையை மடியில் கிடத்தி, தோலைச் சுத்தமாகச் சீவினான் மாமன். "குளிப்பாட்டிட்டு வா" என்று அக்காளிடம் கொடுத்தான். அவள் அடுப்படிக்குக் கொண்டுபோனாள்.

பந்தியில் மூவரும் கூட்டை வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த ருசியை நாம மட்டும் அனுபவிக்கலாமா? பிள்ளையைக் கூட்டிட்டு வாடி, அதுக்கும் ஒரு வாய் ஊட்டுறேன்."