அசையாத சென்னியப்பன்

ஊரில் தன்னை அசைக்க ஆளே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிபவர் பண்ணையார் சென்னியப்பன். வயலில் நின்ற அவருடைய புது டிராக்டரின் பின்பக்கம் சுழலும் தண்டில் ஹைட்ராலிக் பம்பை மாட்டிய பட்டறைக்காரி மயிலாத்தாள், ஒரு சங்கிலியை எடுத்தாள். தண்டோடு சேர்ந்து பம்பும் சுற்றிவிடாமல் இழுத்துக் கட்டுகிற சங்கிலி அது.

"மாட்டைக் கட்டற மாதிரி என் வண்டிக்குச் சங்கிலியா? கட்டவும் கூடாது, பம்பு சுத்தவும் கூடாது. முடியாதுன்னா பட்டறையை மூடிட்டு ஊரை விட்டுப் போ, அம்மிணி!"

"முடியுமுங்க. அசையாத ஆள் ஒருத்தர் பம்பைப் பிடிச்சுக்கிட்டாப் போதும். உங்களை விட்டா ஆரு இருக்காங்க?"

வேடிக்கை பார்க்க அத்தனை பேர் நிற்கையில் மாட்டேன் என்பாரா? மீசையை முறுக்கிவிட்டு இரண்டு கையாலும் பம்பைப் பிடித்தார்.

மயிலாத்தாள் டிராக்டரில் ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தாள். "நாப்பத்தஞ்சு குதிரை சேர்ந்து முறுக்குமுங்க. கையை மட்டும் விட்டுராதீங்க."

அவள் சாவியைத் திருப்பவே இல்லை. அதற்குள் சென்னியப்பன் வரப்பைத் தாண்டி நின்றார். கூட்டம் சிரித்தது.

"சரி சரி, அந்தச் சங்கிலியையே கட்டு" என்றார், வேட்டியைச் சரிசெய்தபடி.

"கட்டிடறேனுங்க. அதுக்குப் பேசத்தான் தெரியாது, நிக்கத் தெரியுமுங்க."