அரை மணி நேரம் பாடும் ரேடியோ

சர்ர்ரக்.

டேப் சத்தம் மாடிப்படியிலேயே கேட்டது.

எத்திராஜ் பாதிப் படியில் நின்றார். ஃபிலோமினா பார்சல் ஒட்டுகிறார் போல, நல்ல வியாபாரம் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

உள்ளே போனால், ஃபிலோமினா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒட்டியதைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ராயபுரத்தில், ஐஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. இணைய ஏலத்தில் பழைய சாமான் விற்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த அறை தெரியும். கடிகாரம், ரேடியோ, கேமரா என்று அங்கிருந்து ஊர் ஊராகப் போயிருக்கிறது. வாங்கியவர்களில் ஒருவர்கூட ஃபிலோமினாவைப் பற்றித் தப்பாக ஒரு வரி எழுதியதில்லை.

எத்திராஜைவிட அவர் பத்து வயது சின்னவர். அதனால் என்ன, கேட்க வேண்டியதை எங்கே கிடைக்கிறதோ அங்கேதானே கேட்க முடியும்.

"என்னம்மா, ஒட்டினதைப் போய் பிரிக்கிறே?"

"கடிகாரத்துக் கண்ணாடியில ஒரு கீறல்ணா. படத்துல விழல. இப்பத்தான் பார்த்தேன்."

"வித்தாச்சுல்ல? காசு வந்தாச்சுல்ல?"

"வந்தாச்சு."

"அப்புறம் என்ன?"

"வாங்கினவருக்குப் படம் எடுத்து அனுப்பிட்டேன். வேணுமா வேணாமான்னு அவர் சொல்லட்டும்."

பெட்டியைத் திறந்தபடியே ஓரமாக வைத்தார். எத்திராஜுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"சொல்லுங்கண்ணா. எதுக்கு வந்தீங்க?"

"ஷில்லாங்ல ஒருத்தர் இருக்கார்மா. அவர் என்னைப் பத்திப் புகார் எழுதாம இருக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லு."

"எழுதிட்டாரா?"

"இன்னும் என் ரேடியோவையே அவர் வாங்கலை. சாயந்திரம்தான் ஏலம் முடியுது. இப்போதைக்கு அவர் கேட்ட விலைதான் மேல இருக்கு."

ஃபிலோமினா சிரித்தார். "வாங்குறதுக்கு முன்னாடியே புகாரா? ஜோசியம் பார்க்குறீங்களா?"

எத்திராஜ் சிரிக்கவில்லை. செல்போன் கவர் விற்ற கடையை மூடிய பிறகு அவருக்கு இந்த ஏலம்தான் பிழைப்பு. ஏற்கெனவே இரண்டு புகார் வந்துவிட்டது. இன்னொன்று வந்தால் கணக்கை மூடிவிடுவோம் என்று தளத்துக்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

"நீ மட்டும் எப்படிம்மா? உன் சாமானை அடிச்சுப் பிடிச்சு வாங்குறாங்க. நான் ஏலம் விட்டா என் மச்சான்தான் ஜெயிக்கிறான்."

"மச்சானா?"

"விலை ஏத்துறதுக்கு தாமுவை விட்டுக் கேட்கச் சொன்னேன். எதிர்ல இருந்தவன் நிறுத்திட்டான். இவன் நிறுத்தத் தெரியாம ஜெயிச்சுட்டான். என் டைப்ரைட்டரை நானே வாங்கிட்டு, தளத்துக்குக் கமிஷனும் கட்டினேன்."

ஃபிலோமினாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்படிச் சிரித்தார். கீழே ஐஸ் உடைக்கிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு மேலே பார்த்திருப்பார்கள்.

பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"என்னம்மா பண்றே?"

"நான் இப்ப ஷில்லாங்ல இருக்கேன். உங்க ரேடியோவைப் பார்க்க முடியாது, தொட முடியாது. நீங்க சொல்லுங்க, நான் ஏலம் கேட்கிறேன்."

தோளுக்கு மேலே கையைத் தூக்கினார். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

எத்திராஜ் தொண்டையைச் செருமினார். "அபூர்வமான வால்வு ரேடியோ!"

ஒரு விரல் மடங்கியது.

"சூப்பர் கண்டிஷன்!"

இன்னொன்று.

"இந்த மாதிரி இனிமே கிடைக்கவே கிடைக்காது! விட்டுட்டா வருத்தப்படுவீங்க!"

மிச்சமிருந்த விரல்களும் மடங்கின. வெறும் முட்டிதான் தெரிந்தது.

"ஏம்மா, கேளேன்!"

"ஷில்லாங்ல ரொம்பக் குளிருதுண்ணா. விரலை நீட்ட முடியல."

எத்திராஜ் செல்போனில் இருந்த ரேடியோ படத்தைப் பார்த்தார். பிறகு வேண்டாவெறுப்பாக, "முன்னாடி துணி வெளுத்திருக்கு" என்றார்.

ஒரு விரல் எழுந்தது.

எத்திராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பின்மூடியில ஒரு திருகாணி இல்ல."

இரண்டு.

"ஸ்டேஷன் மாத்துற குமிழ் இதோடது இல்ல. வேற ரேடியோவுலேர்ந்து எடுத்துப் போட்டேன்."

மூன்று.

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "உள்ள எலி கூடு கட்டியிருந்துச்சும்மா! குட்டியோட! நான்தான் எடுத்து வெளியில விட்டேன்!"

நான்கு.

கட்டை விரல் மட்டும் மடங்கியே இருந்தது.

எத்திராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எதற்காகக் காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"அரை மணி நேரம் பாடும்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "சூடானதும் ஊமையாயிடும். நாலு பேர்கிட்ட காட்டிட்டேன். யாராலயும் சரி பண்ண முடியல."

கை மொத்தமாகக் கீழே இறங்கியது.

ஃபிலோமினா நாற்காலியைத் திருப்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"என்னம்மா இது? உண்மையைச் சொன்னா விலை ஏறும்னுல்ல பார்த்தேன்!"

"யார் சொன்னா?"

"நீதான் விரலைக் காட்டினே!"

"வெளுத்த துணிக்குக் காட்டினேன். ஊமை ரேடியோவுக்கு யாருண்ணா ஏத்திக் கேட்பா?"

"அப்ப எதுக்கும்மா சொல்லணும்?"

ஓரத்தில் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கீறல் எங்கே என்று எத்திராஜ் குனிந்து தேடினார். கண்ணுக்கு அகப்படவில்லை. பெட்டியைத் தூக்கி ஜன்னல் பக்கம் சாய்த்த பிறகுதான் தெரிந்தது, தலைமுடி மாதிரி ஒரு கோடு.

இதை யார் பார்த்திருப்பார்கள்?

பெட்டியை மெதுவாக வைத்தார். பிறகு செல்போனை எடுத்துத் தாமுவைக் கூப்பிட்டார்.

"டேய், ரேடியோவுக்கு நீ கேட்ட விலையை வாபஸ் வாங்கு."

"ஏன் மாமா? ஷில்லாங்காரன் நல்லா சூடா இருக்கான். இன்னும் ரெண்டு தட்டு தட்டலாம்."

"வாங்குடா. இனிமே என் ஏலத்துப் பக்கமே வராதே."

"கோவமா மாமா?"

"கோவமில்லடா. நல்ல பையன் நீ. போய் சாப்பிடு."

அப்புறம் ரேடியோவின் விவரத்தைத் திறந்து, 'சூப்பர் கண்டிஷன்' என்றிருந்ததை அழித்தார். அந்த இடத்தில் துணி, திருகாணி, குமிழ், எலி எல்லாம் வந்தன. கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

ஃபிலோமினா எட்டிப் பார்க்கவில்லை. டீ போட எழுந்து போய்விட்டார்.

'அரை மணி நேரம் பாடும். பிறகு நின்றுவிடும். காரணம் எனக்குத் தெரியவில்லை.'

அனுப்பினார்.

விற்கிறவர் விவரத்தை மாற்றினால், கேட்டவர்கள் விலகிக்கொள்ளலாம் என்பது தளத்தின் விதி. டீ வருவதற்குள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒவ்வொருவருக்கும் செல்போன் ஒரு தடவை முனகியது. ஷில்லாங்காரர் கடைசியாகப் போனார். போகும்போது ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போனார்.

"என்னண்ணா எழுதியிருக்கார்?"

"'நன்றி'ன்னு எழுதியிருக்கார்மா."

எத்திராஜ் அந்த வார்த்தையைத் திரும்பவும் பார்த்தார். வாங்கியவர்கள்கூட அவருக்கு அதை எழுதியதில்லை.

"யாராவது மிச்சம் இருக்காங்களா?"

"ஒருத்தர். பெரியகுளத்துக்காரர். முதல் நாளே வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டவர். எல்லாரும் அவரை மிதிச்சுட்டு மேல போயிட்டாங்க."

"அவர் போகலையா?"

"'அரை மணி போதும், எனக்குச் சேதி கேட்கத்தான்'னு எழுதியிருக்கார். எலிக்குட்டி எல்லாம் பிழைச்சுதான்னும் கேட்டிருக்கார்."

ஃபிலோமினா டீயை நீட்டினார். "காலையில எத்தனை பேர் கேட்டுட்டிருந்தாங்க?"

எத்திராஜ் எண்ணுவது போல விரலை மடக்கினார். பாதியில் நிறுத்தினார்.

"யாரும் இல்லம்மா."

"அத்தனை பேர் இருந்தாங்களே?"

"அவங்க கேட்டது வேற ரேடியோ. அது என்கிட்ட இல்ல."

ஃபிலோமினா அவரைப் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. கீழே ஐஸ் உடையும் சத்தம்.

மேஜை மேல் ஃபிலோமினாவின் செல்போன் ஒளிர்ந்தது. எடுத்துப் படித்தார்.

"கீறல் பரவாயில்லையாம், கடிகாரத்தை அனுப்பச் சொல்லிட்டார்."

டேப்பை எடுத்தார். எத்திராஜ் டம்ளரை வைத்துவிட்டு, பெட்டியின் இரண்டு மூடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

சர்ர்ரக்.