ஜமீன்தார் தூக்கிய பல்லக்கு

வேலங்குளம் ஜமீன்தாருக்கு இரண்டு பெருமை. ஒன்று மீசை. இன்னொன்று, கையில் வந்த சீட்டை ஆடாமல் ஒருநாளும் கவிழ்த்ததில்லை என்பது. ஒருநாள் அவர் எதிரே ஆட வேறு ஆள் கிடைக்காமல், தன் பல்லக்கைத் தூக்கும் சடையாண்டியையே மூன்று சீட்டு ஆட உட்கார வைத்தார்.

“சீட்டைப் பார்த்துட்டுக் கவிழ்த்தவன், மத்தவனைப் பல்லக்குல வச்சுக் குளத்தை ஒரு சுத்து தூக்கணும். கவிழ்க்காம நின்னு தோத்தவன் பத்துச் சுத்து!” என்று பந்தயம் வைத்தார்.

சடையாண்டி சீட்டைப் பார்த்தான், கவிழ்த்தான். ஆறு ஆட்டமும் அப்படியே.

“கோழைப் பயலே!” என்று ஜமீன்தார் தொடை தட்டிச் சிரித்தார்.

ஏழாவது ஆட்டத்தில் சடையாண்டிக்கு மூன்று ராஜா. “நிக்கிறேன் எசமான்” என்றான்.

ஜமீன்தாருக்கு வந்ததோ ஒன்றுக்கும் உதவாத சீட்டு. கவிழ்த்திருந்தால் ஒரு சுற்றோடு போயிருக்கும். மீசை விடவில்லை. நின்றார், தோற்றார்.

“நான் தூக்க வேண்டிய ஆறைக் கழிச்சு நாலு சுத்து போதுங்க” என்று சடையாண்டி பல்லக்கில் ஏறிக்கொண்டான். ஜமீன்தார் தன் வாயால் சொன்ன சொல்லாயிற்றே! மற்றப் பல்லக்கு ஆட்களோடு, அவன் வழக்கமாகத் தூக்கும் இடத்தில் அவரே தோள் கொடுத்தார். ஊரே குளக்கரையில் கூடிவிட்டது. முதல் சுற்றிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஏண்டா, நல்ல சீட்டு வந்தா மட்டும் நிக்கிறியே, இதெல்லாம் ஒரு வீரமா?”

சடையாண்டி பல்லக்கிலிருந்து பணிவாக எட்டிப் பார்த்தான்.

“வீரந்தானுங்களே எசமான், என்னைத் தூக்கிட்டு வருது!”