சாவுக்குத் திரி கொடுத்த சேசடிமையார்

பனிச்சவிளைக் கத்தோலிக்கப் பங்கில் தேன்பெட்டி செய்து பிழைத்தவர் சேசடிமையார். அயினி மரப் பலகையை அறுத்து, இழைத்து, தேனீ நுழைய அடியில் வாசல் விட்டுப் பெட்டி அடிப்பார். ரப்பர்த் தோட்டத்து ஓரங்களில் தமக்கென்றும் சில பெட்டிகளை வைத்திருந்தார். தேனை விற்றுக் கஞ்சி குடித்தாரே ஒழிய மெழுகை ஒருநாளும் விற்றதில்லை. பழைய தேனடைகளைக் கொதிநீரில் உருக்கித் துணியில் பிழிவார். மேலே உறைந்த மெழுகை மறுபடி உருக்கி, நூலை அதில் தோய்த்துத் தோய்த்துக் காயவிட்டு மெழுகுதிரி செய்வார். ஒவ்வொரு தோய்ப்புக்கும் ஒரு மங்கள வார்த்தை ஜெபம். அவருக்குத் தெரிந்த பக்தி அவ்வளவுதான்.

அந்தத் திரிகள் எல்லாம் இறந்தவர்களுக்கு. சேசடிமையாரின் ஒரே பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கும் முன்பே இறந்துபோனது. திரி வாங்க வழியில்லாததால் தலைமாட்டில் வெளிச்சமில்லாமலே அதைக் குழியில் இறக்கினார்கள். அன்று கல்லறைத் தோட்டத்தில் நின்று அவர் ஒரு பொருத்தனை செய்தார். இந்தப் பங்கில் இனி யாரும் வெளிச்சமில்லாமல் மண்ணுக்குள் போகக் கூடாது. ஊர்க்காரரானாலும் வழியில் விழுந்து செத்த பரதேசியானாலும், குழி மூடும்வரை ஒரு திரி எரிய வேண்டும்.

ஊர் அவருக்குச் 'சாவுத்திரி' என்று பெயர் வைத்தது. காலையில் அவர் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போனவர்கள், தங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்ததும் அவருடைய வாசலில்தான் வந்து நின்றார்கள். சேசடிமையார் ஒன்றும் சொல்லிக்காட்ட மாட்டார். திரியை எடுத்துக்கொண்டு கூடவே நடப்பார்.

ஒரு வருஷம் தேனீக்களுக்கு நோய் வந்தது. புழுக்கள் அடையின் அறைக்குள்ளேயே தலையைத் தூக்கியபடி செத்து, தண்ணீர்ப் பை மாதிரி ஊதிக் கிடந்தன. அந்த வட்டாரத்துத் தேன் வியாபாரத்தையே கையில் வைத்திருந்த வறுவேல் என்பவருக்குப் பெரிய நஷ்டம். யார் மேலாவது பழி போட்டால்தான் அவருக்கு மனம் ஆறும்.

"எழவு வீட்டுக்குத் திரி உருக்குத கைதான பெட்டியத் திறக்குது? அந்தத் தீட்டுதாம்வே ஈயப் பிடிச்சிருக்கு!" என்று கத்திக்கொண்டு ஆட்களோடு வந்தார். சேசடிமையாரின் பெட்டிகள் அத்தனையையும் குவித்துத் தீ வைத்தார்கள். நோய் தொடாத கூடுகளும் அதில் இருந்தன. அவை எரிந்த சத்தத்தைக் கேட்டுச் சேசடிமையார் குழந்தையைப்போல அழுதார். ஆனால் சாபம் ஒன்றும் அவர் வாயிலிருந்து வரவில்லை. தீ அணைந்தபின் முழுக்க எரியாத பலகைகளைப் பொறுக்கி அடுக்கி வைத்தார்.

வீட்டில் மிச்சமிருந்த மெழுகில் ஒரே ஒரு திரிதான் தேறிற்று. அவருடைய மனைவி ஞானப்பூவம்மாள் அப்போது நெஞ்சு நோயில் படுத்த படுக்கையாக இருந்தார்.

"இஞ்ச பாருங்க, இது எனக்கு. எம்பிள்ள இருட்டுல போச்சு. நான் வெளிச்சத்தோட போயி அதத் தேடணும்" என்றார்.

சேசடிமையார் வாக்குக் கொடுத்தார். திரியை அவருடைய தலையணைக்கு அருகிலேயே வைத்தார்.

அந்த மழைக்காலத்தில் ஊருக்குள் வாந்திபேதி புகுந்தது. சந்தைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். கோவில் அலமாரியிலும் திரி தீர்ந்துபோயிற்று. வறுவேலுக்கு வாந்திபேதி கண்டதும் பெண்டாட்டி பிள்ளைகள் அவரை விட்டுவிட்டு ஓடினார்கள். அவர் இறந்த செய்தியைக் குழி வெட்டுகிறவர் வந்து சொன்னார்.

சேசடிமையார் மனைவியின் கட்டிலருகே போய் நின்றார்.

"வறுவேலு செத்துப்போனாரு. தலமாட்டுல ஒண்ணுமில்ல."

ஞானப்பூவம்மாள் அவரையே பார்த்தார். "அவனுக்கா?" என்றார். பிறகு, "அப்போ எனக்கு?" என்று கேட்டார்.

ஆண்டவருக்குச் சொன்ன சொல் ஒரு பக்கம், பெண்டாட்டிக்குச் சொன்ன சொல் ஒரு பக்கம். சேசடிமையார் தலையணை அருகிலிருந்த திரியை எடுத்தார். அம்மையார் தடுக்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வறுவேலின் குழி மூடும்வரை திரி பிடித்துவிட்டு அவர் திரும்பி வந்தபோதும் அந்த முகம் திரும்பவில்லை. மறுநாள் விடியும்போது உயிர் போயிருந்தது. மன்னித்தாரா இல்லையா என்று கேட்க இனி வழியில்லை. சேசடிமையாரின் வாழ்வில் அதைவிடக் கொடிய விடியல் வேறில்லை.

கரிந்த தேன்பெட்டிப் பலகைகளை இழைத்துத் தாமே சவப்பெட்டி செய்தார். கரியை எடுத்த இடத்தில் பழைய தேன்மெழுகின் வாசம் வந்தது. பெட்டி தெருவில் போனபோது ஒருத்தி வாய்விட்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் திரி குடுத்தாரு. கெட்டினவளுக்கு இருட்டு!" சேசடிமையார் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சொன்னது உண்மைதானே என்று நினைத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. மேட்டில் வேறு குழி வெட்டும்வரை பெட்டியை மரத்தடியில் வைத்தார்கள். அப்போது வானத்தில் ஓர் இரைச்சல் கேட்டது. நோய்க்குப் பிறகு ஒற்றை ஈயையும் காணாத அந்த ஊரில் ஒரு தேனீக் கூட்டம் இறங்கி வந்து, சவப்பெட்டியின் தலைமாட்டில் அப்படியே அப்பிக்கொண்டது. ஜனங்கள் சிதறி ஓடினார்கள். சேசடிமையார் மட்டும் அதன் அருகில் முழங்காலில் இருந்தார். ஓர் ஈயும் அவரைக் கொட்டவில்லை.

குழி தயாரானதும், யாரும் விரட்டாமலே அவை எழுந்து பறந்தன. அவை இருந்த பலகையில் வெள்ளைவெளேரென்று புது மெழுகு ஒட்டியிருந்தது.

சேசடிமையார் தம் துண்டிலிருந்து ஒரு நூலை உருவித் திரித்து, அந்த மெழுகைச் சுரண்டிச் சுற்றிலும் அழுத்தினார். விரல் நீளம்கூட இல்லை. பங்குச் சாமியாரைப் பார்த்தார். சாமியாரின் கண்கள் நிறைந்திருந்தன.

"கொளுத்தும்வே," என்றார் அவர். "இது நானும் குடுக்கல்ல, நீரும் குடுக்கல்ல."

மழைக்காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கடைசி மண் விழும்வரை அந்தச் சின்னத் திரி அணையவில்லை. தம் பெட்டிகளைக் கொளுத்தியவருக்கும் திரி கொளுத்திய அந்தக் கரங்களுக்கு நம் வணக்கம்.