கை காட்டிய பெயர்

இணையத்தில் ஒரு பெயர் இருந்தது. இருபாதம் டாட் இன் என்று அதைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பது பேச்சுக்குத்தான். மூன்று வருஷமாக அதை யாரும் கூப்பிடவில்லை. யாராவது தவறித் தட்டினால், ‘இந்த இடம் இன்னும் கட்டப்படவில்லை’ என்று ஒரு பலகை மட்டும் தெரியும். அந்தப் பலகையின் பக்கத்தில் பெயர் சும்மா உட்கார்ந்திருந்தது.

அதே இணையத்தின் இன்னொரு மூலையில் ஒரு கடை இருந்தது. செங்கல் வைத்துக் கட்டிய கடை அல்ல, திரையில் திறக்கும் கடை. பெரிய தளம் ஒன்றில் வாடகைக்கு எடுத்த இடம். உள்ளே ஷூக்களும் செருப்புகளும் படங்களாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

கடைக்குச் சொந்தப் பெயர் இல்லை. தளத்துக்காரர்கள் கொடுத்த முகவரிதான்: தஸ்னீம், ஒரு கோடு, ஷூ, இன்னொரு கோடு, நாற்பத்தேழு, அதற்குப் பிறகு தளத்தின் பெயர். போனில் அதைச் சொல்லி முடிப்பதற்குள், “அப்புறம் பேசுறேங்க” என்று எதிர்முனையில் வைத்துவிடுவார்கள்.

கடை ஆம்பூர் தஸ்னீமுடையது. பெயர் எபிநேசருடையது. இருவரும் ஒரு காலத்தில் சேர்ந்து தொழில் செய்தவர்கள். போலியோவில் ஒரு கால் சூம்பியவர்களும் விபத்தில் பாதம் குறுகியவர்களும் இரண்டு ஜோடி ஷூ வாங்கி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை வீணாக்குவார்கள். அவர்களுடைய பாத அளவுக்கு எபிநேசர் மரக்கட்டை செதுக்குவார். தஸ்னீம் அதன்மேல் தோலை இழுத்துத் தைப்பாள். பெயரை எபிநேசர் முதலில் வாங்கிவைத்தார். கடை திறப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. ஒரு கம்பெனி மாதம் ஐந்நூறு ஜோடி கேட்டது, எல்லாம் சாதாரண ஷூ. எடுக்கலாம் என்றார் அவர். கூடாது என்றாள் அவள்.

“உனக்கு வியாபாரம் தெரியாது” என்றார்.

“உங்களுக்குக் கால்னா என்னன்னு தெரியாது” என்றாள்.

மறுவாரம் எபிநேசர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை தஸ்னீமுக்குப் பத்திரிகை ஒன்றிலிருந்து போன் வந்தது. அவளைப் பற்றிய கட்டுரை ஞாயிறு இதழில் வருகிறதாம். “பக்கம் அச்சுக்குப் போயிடுச்சு மேடம். உங்க விசிட்டிங் கார்டுல இருந்த வெப்சைட் பேரையே போட்டிருக்கோம். இருபாதம் டாட் இன்.”

“எந்தக் கார்டு?”

“உங்க பழைய கஸ்டமர் ஒருத்தர் குடுத்தாரே, அது.”

எபிநேசரோடு தொழில் செய்தபோது அச்சடித்த கார்டு அது. தஸ்னீம் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கெங்கோ இருப்பவர்கள் ஆசையோடு அந்தப் பெயரைத் தட்டுவார்கள். கட்டப்படாத மனையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவளைவிடக் கடை அதிகம் பதறியது. நேரே பதிவேட்டிடம் ஓடியது. எந்தப் பெயருக்கு எந்த இடம் என்று யார் கேட்டாலும், தன்னிடம் எழுதியிருப்பதை அப்படியே வாசித்துச் சொல்வது பதிவேட்டின் வேலை.

“இருபாதத்தை எனக்குக் கொடுத்துவிடு” என்றது கடை.

“நீ கேட்டால் ஆயிற்றா? உரியவர் வந்து எழுத வேண்டும்.”

“அவர் கொடுக்க மாட்டார். கோபமாக இருக்கிறார்.”

“கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? பெயர் அவரிடமே இருக்கட்டும். என்னிடம் இரண்டு வரி எழுதினால் போதும். ஒன்று, உன் தளம் தரும் அடையாளச் சொல். உரியவர் சம்மதித்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. மற்றது, வருபவர்களை எங்கே அனுப்புவது என்பது.”

தூரத்தில் உட்கார்ந்திருந்த பெயர் இதைக் கேட்டுத் தலை நிமிர்ந்தது. “அப்படியென்றால் நான் இங்கிருந்து கிளம்ப வேண்டாமா?”

“நகரவே வேண்டாம்” என்றது பதிவேடு. “கை காட்டினால் போதும்.”

அவை பேசிக்கொண்டது தஸ்னீமுக்குக் கேட்காது. ஆனால் அதே செய்தி அவள் திரையிலும் இருந்தது: பெயரின் உரிமையாளர் கீழ்க்கண்ட இரண்டு வரிகளைத் தன் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு முறை படித்தாள். பிறகு மூன்று வருஷமாகத் தொடாத எண்ணை எடுத்து அழுத்தினாள்.

“எபிண்ணே, நான் தஸ்னீம்.”

எதிர்முனையில் மிஷின் சத்தம் கேட்டது.

“சொல்லும்மா.”

“இருபாதம் பேரு விஷயமா...”

“உன் பேருக்கு மாத்தித் தரணும், அதானே? என்னைக்காவது நீ கேப்பேன்னு தெரியும்.” அவர் குரல் இறுகியது.

“மாத்த வேணாம்ணே. உங்ககிட்டயே இருக்கட்டும். ரெண்டு வரி மட்டும் சேர்க்கணும்.” பத்திரிகை விஷயத்தைச் சொன்னாள். திடீரென்று சந்தேகம் வந்து கேட்டாள்: “பேரு இன்னும் உங்ககிட்ட இருக்காண்ணே? வருஷா வருஷம் புதுப்பிக்கலைன்னா போயிடும்ல?”

“இருக்கு.”

“மூணு வருஷமும் புதுப்பிச்சீங்களா?”

“விட மனசு வரல” என்றார். உடனே, “வரிங்கள வாட்ஸ்அப்ல அனுப்பு, வேலை கிடக்கு” என்று வைத்துவிட்டார்.

கடை பெயரைப் பார்த்தது. “ஏன் உன்னை வைத்துக்கொண்டிருந்தாராம்?”

“எனக்கு எப்படித் தெரியும்? ஜூன் மாதம் வருவார். புதுப்பிப்பார். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் எழுதாமல் போய்விடுவார்” என்றது பெயர்.

வெள்ளிக்கிழமை காலை எபிநேசர் இரண்டு வரிகளையும் சேர்த்தார். தளம் அடையாளச் சொல்லைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது. தஸ்னீம் தன் போனில் இருபாதத்தைத் தட்டினாள். கடை திறந்தது. அவள் போட்ட சத்தத்தில், உள்ளே தைத்துக்கொண்டிருந்த கோகிலா ஊசியோடு ஓடிவந்தாள். தன் போனிலும் தட்டிப் பார்த்தாள்.

“அக்கா, எனக்கு இன்னும் அந்தப் பலகைதான் வருது.”

பெயருக்கு அழுகையே வந்துவிட்டது. “நான் சரியாகத்தானே கை காட்டுகிறேன்?”

“இரண்டு பக்கமும் காட்டுகிறாய்” என்றது பதிவேடு. “அவர் புது வரியை எழுதினார், பலகைக்கு அனுப்பும் பழைய வரியை அழிக்கவில்லை. என்னிடம் இரண்டும் இருந்தால் ஒருவருக்கு இதை வாசிப்பேன், இன்னொருவருக்கு அதை வாசிப்பேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.”

தளத்தின் எச்சரிக்கையைப் படித்துவிட்டு தஸ்னீம் மறுபடி போன் போட்டாள். “அண்ணே, பழைய வரி ஒண்ணு இருக்காம். அதை எடுத்துடுங்க.”

எபிநேசர் கணக்கைத் திறந்து அந்த வரியைப் பார்த்தார்.

“அண்ணே?”

“அது நம்ம சண்டைக்கு மறுநாள் எழுதினதும்மா. பலகையில என்ன போடலாம்னு பேரு வாங்கின வெப்சைட்டுல கேட்டுச்சு. முடிஞ்சு போச்சுன்னு போட கை வரல. இன்னும் கட்டலன்னு போட்டேன்.”

“இப்ப கட்டிட்டோம்ணே” என்றாள். “அழிச்சிடுங்க.”

பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது.

அழித்த பிறகும் உடனே சரியாகவில்லை. “நான் முன்பு வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் பண்ணி வைத்திருப்பவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்” என்றது பதிவேடு. “அவர்கள் மறந்துவிட்டு மறுபடி என்னிடம் வந்து கேட்கும்வரை பழையதைத்தான் சொல்வார்கள். திட்டினாலும் வேகமாக மறக்க மாட்டார்கள்.” பெயரும் கடையும் ஒன்றையொன்று பார்த்தபடி காத்திருந்தன. சனிக்கிழமை மதியம் கோகிலாவின் போனில் கடை திறந்தது. அவள் அண்ணன் போனிலும் திறந்தது. கிருஷ்ணகிரியில் இருந்த அவள் சித்தி போனிலும் திறந்தது.

ஞாயிறு காலை பேப்பர் வந்தது. ஏழரைக்கு முதல் ஆள் வந்தார், தருமபுரியில் ஒரு கல்லூரி ஆசிரியை. ‘வலது ஏழு, இடது நாலரை. இப்படிக் கேட்கலாமா?’ என்று கூச்சத்தோடு எழுதியிருந்தார். சாயங்காலத்துக்குள் அறுபத்தொரு பேர் கேட்டுவிட்டார்கள்.

தஸ்னீம் சிரித்துக்கொண்டே பட்டியலைப் படித்தாள். படித்து முடித்ததும் சிரிப்பு நின்றது. இதுவரை பழைய கட்டைகளை வைத்தே சமாளித்திருந்தாள். இத்தனைக்கும் கட்டை யார் செதுக்குவது? இந்த முறை போனை எடுக்க அவள் யோசிக்கவில்லை.

“எத்தனை பேரு?” என்றார் எபிநேசர்.

“அறுபத்தொரு பேருண்ணே.”

“நூத்தி இருபத்திரண்டு கட்டை. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “கம்பெனி வேலையை விட முடியாதும்மா. பிள்ளை படிக்கிறான்.”

“விட வேணாம்ணே. அங்கயே இருங்க. லீவு நாள்ல வந்து செதுக்கிக் குடுங்க, போதும்.”

“அடுத்த ஞாயிறு முதல் பஸ்ல வர்றேன். உளி மழுங்கிப் போயிருக்கும், தீட்டி வை.”

கடைக்கு மனசு நிறைந்துவிட்டது. இருந்தாலும் ஒரு குறை. பெயரைக் கூப்பிட்டுக் கேட்டது: “நீ இன்னும் ராணிப்பேட்டைக்காரர் கணக்கில்தான் இருக்கிறாய். உண்மையைச் சொல், என்னோடு வந்துவிட்டாயா, இல்லையா?”

“கொஞ்சம் இரு” என்றது பெயர். “சேலத்திலிருந்து ஒருத்தர் வந்து நிற்கிறார். உன்னிடம் வரத்தான் வழி கேட்கிறார்.”