கவளத்திற்கு ஒரு வரி

மருதந்துறையை ஆண்ட கோவேந்தனுக்கு அரசக் கல்விச்சாலையின்மீது தனிப்பற்று உண்டு. அதன் அலுவலகத்தில் பன்னிரண்டு எழுத்தர்கள் பணிபுரிந்தனர். சேர்க்கை, வருகைப் பதிவு, தேர்ச்சி ஓலை எல்லாம் அவர்கள் பொறுப்பு. திண்ணப்பர் மேலாளராக வரும்வரை ஓர் ஓலையும் தாமதமானதில்லை.

வந்த அன்றே அவர் ஆணையிட்டார்: "செய்யும் வேலை ஒவ்வொன்றையும் செய்தவுடன் எழுதிக் காட்ட வேண்டும்!"

இரண்டே திங்களில் முந்நூறு தேர்ச்சி ஓலைகள் தேங்கின. மேலாளர் அரசவைக்கு ஓடினார்.

"அரசே, பன்னிருவரும் சோம்பேறிகள். நீக்கிவிடுங்கள்!"

இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்த மூத்த எழுத்தர் பூவராகர் கண்கலங்கி நின்றார். அரசர், அமைச்சர் அம்பலக்கூத்தரை நோக்கினார்.

கூத்தர், பூவராகரின் பணிக்குறிப்பை வாங்கி உரக்கப் படித்தார்: "'ஓலை எடுத்தேன். எடுத்ததை எழுதினேன். எழுதியதைக் காட்டினேன். காட்டியதை எழுதினேன்.' அடடா, என்ன அருமையான முறை! அரசே, நாளைய விருந்தில் மேலாளர் இதை நமக்கும் செய்துகாட்டட்டும். கவளத்திற்கு ஒரு வரி. தீர்ப்பை அதன்பின் வழங்கலாம்."

திண்ணப்பருக்கு உச்சி குளிர்ந்தது.

அரசர் இலையைவிட்டு எழுந்தால் பந்தியே எழுந்துவிட வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். மறுநாள் திண்ணப்பர் ஒரு கவளம் உண்டார். சோற்றுக் கையால் ஓலையைத் தொடலாகாதே! கைகழுவினார், துடைத்தார், எழுதினார், கூத்தரிடம் காட்டினார்.

"காட்டியதை எழுதவில்லையே, ஐயா?"

அதையும் எழுதினார். அவர் நான்காம் கவளத்தைப் பிசைகையில், அரசர் பாயசம் பருகி எழுந்துவிட்டார். திண்ணப்பரின் இலையில் வடை வைத்தபடியே இருந்தது.

"பாருங்கள் அரசே! உண்பதற்கும் இவருக்குச் சோம்பல். நீக்கிவிடலாமா?" என்றார் கூத்தர்.

"சோம்பலா? பசியில் உயிர் போகிறது!" என்று திண்ணப்பர் குமுறினார். "எழுதிக்கொண்டே இருந்தால் எப்போது உண்பது?"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தீர்ப்பை நீரே சொல்லிவிட்டீர்! எழுத்தர்கள் பணியில் தொடரட்டும். உமது ஆணை இன்றோடு ஒழிந்தது. நாளைமுதல் நீரும் அவர்களோடு அமர்ந்து தேங்கிய ஓலைகளை எழுதும்."

கூத்தருக்கு முத்துமாலை கிடைத்தது. திண்ணப்பருக்கு இரண்டாம் பந்தியில் இடம் கிடைத்தது. பரிமாறத் தாமே முன்வந்தவர் பூவராகர்.

"ஐயா, வடை வைப்பதைக் குறித்துக்கொள்ளட்டுமா?"

"எழுத வேண்டாம், வையும்!"